தமிழ் இளையோர் குழு வழக்குகளின் தலைமுறை மாற்றமும் நகைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு தலைமுறையின் இளையோர் பெருமிதத்தோடு வழங்கிய சொற்கள் அடுத்த தலைமுறையின் செவிக்கு நகைப்பிற்குரியனவாகத் தோன்றுகின்றன. இந்நகைப்பு அச்சொற்களின் ஒலியிலோ பொருளிலோ உள்ள குறையால் பிறப்பதன்று. அவை சுமந்து நின்ற குழு அடையாளம் உதிர்ந்த பின்னும் சொல் மட்டும் எஞ்சி நிற்பதால் பிறப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. பாராட்டையும் சலிப்பையும் குறிக்கும் இருவகைச் சொற்களின் தலைமுறை வரிசை, சென்னைத் தமிழ் திரையில் பெற்ற நகைச்சுவை வடிவம், வழக்கில் எஞ்சிய சொற்களின் இயல்பு ஆகியவை இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இத்தகைய சொற்களைக் காலக்குறிப்போடு பதிவு செய்யவேண்டிய தேவையும் சுட்டப்படுகின்றது.

முதன்மைச் சொற்கள்: குழு வழக்கு, குழூஉக்குறி, சென்னைத் தமிழ், சொல் வழக்கிழத்தல், தலைமுறை மாற்றம்.

முன்னுரை

சொற்கள் வழக்கிழத்தல் எல்லா மொழிகளிலும் நிகழ்வது. சங்க இலக்கியத்தில் பயின்றுவரும் ‘யாய்’, ‘ஞாய்’ முதலிய சொற்கள் இன்று உரையின் துணையின்றி மாணவர்க்கு விளங்குவதில்லை. ஆயினும் அவற்றைக் கேட்டு எவரும் நகைப்பதில்லை. பழமையின் மதிப்போடே அவை படிக்கப்படுகின்றன. மாறாக, சலிப்பூட்டும் பேச்சைப் ‘பிளேடு போடுதல்’ என்று ஒரு பேராசிரியர் வகுப்பில் குறிப்பிட்டால் மாணவர்கள் சிரித்துவிடுகின்றனர். அத்தொடரின் பொருள் அவர்களுக்கு விளங்காமல் இல்லை. விளங்கியே சிரிக்கின்றனர். ஈராயிரம் ஆண்டுப் பழமை மதிப்பைத் தர, நாற்பது ஆண்டுப் பழமை நகைப்பைத் தருவது ஏன் என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளியாகும்.

இவ்வகைச் சொற்களைக் ‘கொச்சை’ என்று வழங்குவது உண்டு. அப்பெயரிலேயே இகழ்ச்சி அடங்கியிருப்பதால், ஒரு காலத்தில் ஒரு குழுவினர் தம்மை அடையாளப்படுத்திக்கொள்ள வழங்கும் சொல் என்னும் பொருளில் ‘குழு வழக்கு’ என்ற சொல்லாட்சி இங்கு மேற்கொள்ளப்படுகின்றது. ஆய்வின் எல்லை, ஏறத்தாழக் கடந்த எழுபது ஆண்டுகளில் தமிழக நகர்ப்புறங்களில், சிறப்பாகச் சென்னையில், வழங்கிய சொற்களாகும்.

இலக்கண மரபில் குழு வழக்கு

குழு வழக்கு தமிழ் இலக்கண மரபிற்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூல் வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பகுக்கின்றது. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி ஆகிய மூன்றும் தகுதி வழக்கினுள் அடங்கும். ஒரு கூட்டத்தார் ஏதேனும் ஒரு காரணம் பற்றி, ஒரு பொருளுக்கு உரிய சொல்லை நீக்கிவிட்டு வேறொரு சொல்லால் வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் இதற்குரிய எடுத்துக்காட்டுகள்.

இவ்வெடுத்துக்காட்டுகளில் இரு செய்திகள் கவனத்திற்குரியன. முதலாவது, இச்சொற்கள் இன்று பொதுவழக்கில் இல்லை. இலக்கணம் எடுத்துக்காட்டாகப் பதிந்து வைத்ததனாலேயே எஞ்சின. இரண்டாவது, இவற்றைப் படிப்போர் நகைப்பதில்லை. அச்சொற்களை வழங்கிய கூட்டத்தாரைப் படிப்போர் கண்டதில்லை. அவர்களின் குரலைக் கேட்டதில்லை. நகைப்பு பிறப்பதற்குச் சொல்லை வழங்கியவர் கண்ணெதிரே இருக்கவேண்டும், அல்லது அண்மைய நினைவில் இருக்கவேண்டும் என்பது இதனால் புலனாகின்றது.

பண்டைய குழூஉக்குறிக்கும் இன்றைய இளையோர் வழக்கிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. குழூஉக்குறி பெரும்பாலும் தொழில் சார்ந்தது. பிறர் அறியாதவாறு பொருளை மறைப்பது. இளையோர் வழக்கு பொருளை மறைப்பதைவிடப் பேசுவோரைக் காட்டுவதையே முதன்மையாகக் கொள்கின்றது. ‘நான் இன்ன கூட்டத்தைச் சேர்ந்தவன், இக்காலத்தவன்’ என்னும் அறிவிப்பு அதில் உள்ளது. சொல் குறிக்கும் பொருள் ஒன்று. சொல் அறிவிக்கும் அடையாளம் மற்றொன்று. பின்வரும் சொல் வரிசைகளை விளக்குவதற்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

பாராட்டுச் சொற்களின் வரிசை

மிக விரைவாக மாறும் குழு வழக்குகளுள் பாராட்டுச் சொற்கள் முதன்மையானவை. ‘நன்று’ என்பதே அவை அனைத்தின் பொருள். இருந்தும் ஒவ்வொரு தலைமுறையும் அப்பொருளுக்குப் புதுச்சொல்லைத் தேடுகின்றது. ‘பலே’, ‘சபாஷ்’, ‘பேஷ்’ ஆகியவை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செல்வாக்குடன் விளங்கின. ‘சபாஷ்’ பாரசீகத்திலிருந்து வந்தது; ‘மகிழ்ச்சியோடு இரு’ என்பது அதன் மூலப்பொருள். ‘வலிமை’ என்னும் பொருளுடைய மற்றொரு பாரசீகச் சொல் ‘ஜோர்’ என ஆயிற்று. இவற்றைத் தொடர்ந்து ‘டக்கர்’, ‘தூள்’, ‘சூப்பர்’ ஆகியவையும், அண்மைக்காலத்தில் ‘செம’, ‘மாஸ்’, ‘தெறி’, ‘வேற லெவல்’ ஆகியவையும் வழக்கிற்கு வந்துள்ளன.

பேச்சு வழக்குச் சொல் எக்காலத்தில் செல்வாக்குடன் இருந்தது என அறிவது எளிதன்று. ஆனால் திரைப்படத் தலைப்புகள் இதற்குக் காலம் பொறித்த சான்றுகளாக உதவுகின்றன. தலைப்பு என்பது மக்களை அரங்கிற்கு அழைக்கும் விளம்பரம். ஆதலின் வெளிவரும் ஆண்டில் கவர்ச்சியோடு விளங்கிய சொல்லே அதில் இடம்பெறும். ‘சபாஷ் மீனா’ (1958), ‘சபாஷ் மாப்பிளே’ (1961), ‘பலே பாண்டியா’ (1962) ஆகிய தலைப்புகள் ஒரு காலத்தைக் காட்டுகின்றன. ‘தில்’ (2001), ‘தூள்’ (2003), ‘கில்லி’ (2004) ஆகியவை மற்றொரு காலத்தைக் காட்டுகின்றன. ‘தெறி’ (2016), ‘கெத்து’ (2016), ‘மெர்சல்’ (2017) ஆகியவை வேறொரு காலத்திற்குரியவை. 2010இல் ‘பலே பாண்டியா’ என்னும் தலைப்பு மீண்டும் வைக்கப்பட்டது. முதற்படத்தின் காலத்தில் நடப்புச் சொல்லாக இருந்த ‘பலே’, இரண்டாம் முறை பழைய படத்தை நினைவூட்டும் சொல்லாக நின்றது. எழுத்தும் ஒலியும் மாறவில்லை. சொல்லின் காலம் மாறிவிட்டது.

பாராட்டுச் சொற்கள் விரைவில் தேய்வதற்குக் காரணம் அவற்றின் பயன்பாட்டிலேயே உள்ளது. வியப்பை உணர்த்தும் சொல் அடிக்கடி வழங்கப்படும்போது வியப்பு குறைகின்றது. எல்லாம் ‘தூள்’ ஆனபின் எதுவும் தூள் ஆவதில்லை. குறைந்த வேகத்தை ஈடுசெய்யப் புதுச்சொல் வேண்டப்படுகின்றது. பழைய சொல்லை விடாது வழங்குவோர், அச்சொல் புதிதாயிருந்த ஆண்டுகளில் இளமையைக் கழித்தவர்கள். எனவே சொல்லைக் கேட்டவுடன் அவர்தம் அகவையும் தெரிந்துவிடுகின்றது.

சலிப்புச் சொற்களின் வரிசை

சலிப்பூட்டும் பேச்சைக் குறிக்கும் சொற்களின் வரிசை இன்னும் தெளிவான சான்றாகும். 1970களிலும் 1980களிலும் கல்லூரி மாணவரிடையே ‘அறுவை’ பெருவழக்காயிற்று. ஓயாது பேசுபவர் ‘ரம்பம்’ எனப்பட்டார். அவர் பேசுவது ‘பிளேடு போடுதல்’ ஆயிற்று. அடுத்து ‘கடி’ வந்தது. சுவையற்ற நகைச்சுவைத் துணுக்கு ‘கடி ஜோக்’ எனப் பெயர்பெற்றது. 2000க்குப் பின் அவ்விடத்தை ‘மொக்கை’ பிடித்தது. இன்று ‘கிரிஞ்ச்’ என்னும் கடன்சொல் அதனருகே வழங்குகின்றது.

இவ்வரிசை குருட்டுப்போக்கில் அமைந்ததன்று. அறுவை, ரம்பம், பிளேடு ஆகிய மூன்றும் கூரிய கருவியால் அறுபடும் துன்பத்தைக் கேட்போர்மேல் ஏற்றிக் கூறும் உருவகங்கள். ஒரே உருவகத்திற்குள் கருவியை மட்டும் மாற்றிப் புதுமை காணப்பட்டது. ‘கடி’ கருவியை விடுத்துப் பல்லைக் கொண்டது. ‘மொக்கை’ என்பதோ கூர்மழுங்கிய நிலையைக் குறிக்கும் சொல். முன்னைய தலைமுறை சலிப்பைக் கூர்மையாகக் கண்டது. பின்னைய தலைமுறை அதனையே கூரின்மையாகக் கண்டது. உருவகத்தை உடன்கால இளையோர் உணர்ந்தே ஆக்கினர் என்பதும், இச்சொற்கள் சொல்லாக்கத் திறனில் குறைந்தவை அல்ல என்பதும் இதனால் விளங்கும்.

‘கிரிஞ்ச்’ இவ்வரிசையில் தனித்து நிற்பது. பிறருடைய பொருந்தாப் பேச்சைக் கேட்கும்போது கேட்போரிடம் எழும் கூச்சத்தை அது குறிக்கின்றது. மூத்தோர் தம் காலத்து வழக்கைப் பெருமிதத்தோடு பேசும்போது இளையோர்க்கு உண்டாகும் உணர்வும் அதுவே. அவ்வாறு பேசும் மூத்தோரைக் குறிக்கப் ‘பூமர்’ என்னும் சொல்லும் வழக்கில் உள்ளது. காலங்கடந்த வழக்கைச் சுட்டிக் காட்டுவதற்கே ஒரு குழு வழக்கு தோன்றியிருப்பது குறிப்பிடத்தக்கது. ‘அறுவை’யும் ‘கடி’யும் அடைந்த முடிவை இச்சொற்களும் அடையும் என எதிர்பார்க்கலாம்.

நகைப்பிற்குரிய காரணங்கள்

இவ்விரு வரிசைகளையும் ஒப்பிட்டு நோக்கினால் நகைப்பிற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, குழுவிற்கும் சொல்லிற்கும் இடையே ஏற்படும் பிரிவு. இளையோர் வழக்கு அகவையோடு பிணைந்தது. அதனைப் பேசியோர் முதுமை எய்தும்போது சொல் அவர்களோடு முதுமை எய்துகின்றது. ஆனால் சொல் அறிவிக்கும் செய்தி இன்னும் ‘நான் இளையவன்’ என்பதாகவே இருக்கின்றது. அறிவிப்பிற்கும் அறிவிப்பவர்க்கும் இடையே உள்ள இந்த முரணே நகைப்பை விளைக்கின்றது. பொதுச்சொற்களுக்கு இத்தகைய அறிவிப்பு இல்லையாதலின் அவை பழையனவாகின்றனவே அன்றி நகைப்பிற்குரியன ஆவதில்லை. ‘யாய்’ என்பதற்கும் ‘பிளேடு’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இரண்டாவது, வழக்கிற்கு அடிப்படையாயிருந்த பொருள்நிலை மறைதல். இந்தியாவில் 1957 ஏப்ரல் முதல் நாளன்று பதின்ம நாணய முறை நடைமுறைக்கு வந்தது; ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்னும் கணக்கு நீங்கியது. எனினும் இருபத்தைந்து காசு ‘நாலணா’ என்றும், பயனற்றவன் ‘காலணாவுக்குப் பெறாதவன்’ என்றும் பல்லாண்டுகள் வழங்கின. 2011 சூன் இறுதியோடு இருபத்தைந்து காசு நாணயமும் செல்லாததாயிற்று. ‘நாலணா’ கையில் இல்லாத தலைமுறைக்கு அத்தொடரின் இகழ்ச்சி உறைப்பதில்லை. கைப்பேசி அழைப்புகளுக்குத் தனித்தனிக் கட்டணம் இருந்த காலத்தில் செழித்த ‘மிஸ்டு கால் கொடுத்தல்’ இதே நிலையை எய்தி வருகின்றது.

மூன்றாவது, பரவலே சொல்லின் முடிவாதல். குழு வழக்கு குழுவிற்கு வெளியே பரவும்போது அதன் தனித்தன்மை குறைகின்றது. வணிக விளம்பரங்களும் அரசியல் மேடைகளும் விழிப்புணர்வுப் பதாகைகளும் இளையோரைக் கவர எண்ணி அவர்தம் சொற்களை எடுத்தாள்கின்றன. ஒரு சொல் அவ்விடங்களை எட்டும் வேளையில் இளையோர் அதனைக் கைவிடத் தொடங்கியிருப்பர். எல்லாரும் பேசும் சொல் எவரையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை.

ஒலியமைப்பு இவற்றிற்குத் துணைக்காரணமாக அமைகின்றது. ‘டாவு’, ‘டக்கர்’, ‘டபாய்த்தல்’, ‘ஜோர்’, ‘ஜொள்ளு’, ‘குஜால்’ முதலிய பல சொற்கள், தமிழ் இலக்கணம் மொழிமுதலில் வாராதெனக் கூறும் டகரத்தையோ, வடவெழுத்தான ஜகரத்தையோ, சொல்லின் முதலிலேயே ஒலிப்புடைய வல்லினத்தையோ கொண்டு தொடங்குகின்றன. மரபுக்குப் புறம்பான இவ்வொலி, சொல் புதிதாயிருந்தபோது துணிவாகத் தோன்றியது. குழுவின் ஆதரவு நீங்கியபின் அதுவே வேடிக்கையாக ஒலிக்கின்றது.

சென்னைத் தமிழும் திரை நகைச்சுவையும்

எல்லா நகைப்பும் தலைமுறை பற்றியது அன்று. சென்னை உழைக்கும் மக்களின் வழக்கைப் பொறுத்தவரை நகைப்பில் சமூகப் படிநிலையும் கலந்துள்ளது. ‘கஸ்மாலம்’, ‘பேமானி’, ‘பேஜார்’, ‘சாவுகிராக்கி’ ஆகிய சொற்கள் இன்று நகைச்சுவைச் சொற்களாகவே நினைக்கப்படுகின்றன. இவற்றின் வரலாறு வேறு. ‘கஸ்மாலம்’ அழுக்கு, மயக்கம் ஆகிய பொருள்களையுடைய வடசொல்லின் திரிபு. ‘பேமானி’ நேர்மையற்றவன் எனப் பொருள்படும் பாரசீக, உருதுச் சொல்லிலிருந்து வந்தது. ‘பேஜார்’ சலிப்புற்ற நிலையைக் குறிக்கும் பாரசீகச் சொல். ‘சாவுகிராக்கி’ என்பதில் உள்ள ‘கிராக்கி’ வாடிக்கையாளரைக் குறிப்பது. வண்டியிழுத்துப் பிழைத்தோரின் தொழிற்சொல் அது. பல மொழியினர் கூடி வாழ்ந்த துறைமுக நகரின் வரலாறு இச்சொற்களில் படிந்துள்ளது.

இச்சொற்களைத் தமிழகம் முழுவதும் பரப்பியது திரைப்படம். ‘சபாஷ் மீனா’வில் ஜே. பி. சந்திரபாபு ஏற்ற ரிக்ஷாக்காரர் வேடம் இதற்கு முன்னோடிகளுள் ஒன்று. பின்னர் மனோரமா, தேங்காய் சீனிவாசன், சோ, லூஸ் மோகன் ஆகியோர் இவ்வழக்கைத் திரையில் பேசிப் புகழ்பெற்றனர். சந்திரபாபு தூத்துக்குடியில் பிறந்தவர். மனோரமா மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்தவர். அவர்கள் திரையில் பேசிய சென்னைத் தமிழ், கற்று நடித்துக் காட்டப்பட்ட ஒன்று. நடிப்பில் நகைப்பிற்கு உதவும் கூறுகள் மிகுவதும், அல்லாதவை குறைவதும் இயல்பு.

இதன் விளைவு இருவகைப்பட்டது. கைரிக்ஷாக்கள் 1970களின் முற்பகுதியில் ஒழிக்கப்பட்டன. அத்தொழிலாளர் தலைமுறையும் மறைந்தது. தெருவில் தேய்ந்த சொற்கள் திரையில் மட்டும் உறைந்து நின்றன. பின்வந்தோர்க்கு அவை உழைப்பாளர் ஒருவரின் சினமாகவோ துயரமாகவோ அன்றி, நகைச்சுவை நடிகரின் கோமாளிக் குரலாகவே அறிமுகமாயின. இதற்கு மாறான பதிவு இலக்கியத்தில் உண்டு. ஜெயகாந்தனின் ‘உன்னைப்போல் ஒருவன்’, ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ ஆகிய படைப்புகளில் சென்னைக் குடிசைப்பகுதி மாந்தர் தம் வழக்கிலேயே அன்பும் அவமானமும் கொண்டு பேசுகின்றனர். அங்கு அவ்வழக்கு நகைப்பிற்கென்று அமைக்கப்படவில்லை. ஒரே வழக்கு ஓரிடத்தில் சிரிப்பாகவும் மற்றோரிடத்தில் வாழ்க்கையாகவும் நிற்பதை நோக்கினால், நகைப்பு சொல்லில் இல்லை, கேட்கும் நிலையில் உள்ளது என்பது உறுதிப்படும்.

மேலும், ‘மெர்சல்’ இக்கருத்திற்குப் புதிய சான்று. மிரட்சி என்னும் பொருளில் சென்னைத் தெருக்களில் வழங்கிய இச்சொல், 2015இல் வெளிவந்த ‘ஐ’ திரைப்படத்தின் பாடலொன்றாலும், 2017இல் முன்னணி நடிகர் ஒருவரின் படத்தலைப்பானதாலும் மதிப்புப் பெற்றது. நகைச்சுவை நடிகர் வாயிலிருந்து கதைத்தலைவனிடம் சென்றதும் அதே வழக்குச் சொல் பெருமிதச் சொல்லாயிற்று.

எஞ்சி நிற்கும் சொற்கள்

குழு வழக்குகள் அனைத்தும் மடிவதில்லை. ‘துட்டு’ ஒல்லாந்தரின் செப்புக்காசுப் பெயரிலிருந்து வந்தது. அந்நாணயம் மறைந்து பல தலைமுறைகள் கடந்தும் பணம் என்னும் பொதுப்பொருளில் அச்சொல் வாழ்கின்றது. ‘நாஸ்தா’ காலைச் சிற்றுண்டிக்கு இன்றும் வழங்குகின்றது. ‘சூப்பர்’ எல்லா அகவையினர்க்கும் உரியதாயிற்று. ‘கம்பி நீட்டுதல்’ மரபுத்தொடராக நிலைபெற்றது. ஏமாற்றுதல் என்னும் பொருளில் ‘அல்வா கொடுத்தல்’, 1994இல் வெளிவந்த ‘அமைதிப்படை’ திரைப்படத்தோடு சேர்த்து நினைக்கப்படுவதாயினும், அப்படத்தைப் பார்த்திராதோரும் வழங்கும் தொடராகிவிட்டது. ‘கலாய்த்தல்’ இப்போது அந்நிலையை நெருங்குகின்றது.

இவற்றின் பொது இயல்பு, குழு அடையாளத்தைக் கடந்து பொருளால் நிற்றலாகும். கேலி செய்தல், ஏமாற்றுதல், நழுவிச் செல்லுதல் போன்ற செயல்களைச் சுருக்கமாகவும் காட்சியாகவும் உணர்த்துவதால் இச்சொற்கள் எவர்க்கும் பயன்படுகின்றன. அடையாளத்தை அறிவிப்பதையே முழுச்சுமையாகக் கொண்ட சொற்கள், அடையாளம் உதிர்ந்தவுடன் வெறுங்கூடாகின்றன. காலத்தோடு பொருந்திவரும் சொல்லை விலக்க வேண்டுவதில்லை என்பது தொல்காப்பிய எச்சவியலின் கருத்து. பழையன நீங்குதலும் புதியன வந்துசேர்தலும் காலவகையால் குற்றமாகா என நன்னூலும் இசைவளிக்கின்றது. குழு வழக்கின் பிறப்பும் இறப்பும் இவ்விலக்கண நோக்கிற்குள் அடங்குவனவே.

பதிவின் தேவை

தமிழில் இடம் சார்ந்த வழக்குகள் ஓரளவு பதிவாகியுள்ளன. கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி இத்துறையில் வழிகாட்டி. 1924 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும், 1992இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் பேச்சு வழக்குச் சொற்கள் பலவற்றிற்கு இடமளித்துள்ளன. ஆயின் ஒரு சொல் எத்தலைமுறையில் எக்குழுவினரால் எவ்வுணர்வோடு வழங்கப்பட்டது என்னும் காலக்குறிப்பு, இடக்குறிப்புக்கு ஈடான கவனத்தைப் பெறவில்லை.

இக்குறை நடைமுறையில் சிக்கலை விளைப்பது. தமிழ்ப் பெயர் கொண்ட திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அளிக்கப்பட்ட காலத்தில், ‘கெத்து’ தமிழ்ச்சொல்தானா என்னும் வினா சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. பேச்சில் அனைவரும் அறிந்த சொல்லுக்கும் அகராதிச் சான்று வேண்டப்பட்டது. கல்வித்துறையிலும் இச்சிக்கல் உண்டு. இருபதாம் நூற்றாண்டுச் சிறுகதை, நாடகம், திரைப்பட உரையாடல் ஆகியவற்றைப் பாடமாகப் பயிலும் மாணவர், பாத்திரம் இளமைத் துடுக்கோடு பேசுமிடத்தைப் பழைமையாகவும், சினந்து பேசுமிடத்தை நகைச்சுவையாகவும் கொள்ள நேர்கின்றது. அருஞ்சொற்பொருள் தரும் உரை இங்குப் போதாது. சொல்லின் அன்றைய உணர்வைக் கூறும் குறிப்பு தேவை. அச்சொற்களைத் தம் இளமையில் வழங்கியோர் வாழும்போதே அக்குறிப்புகள் திரட்டப்படல் வேண்டும். பெற்றோர், பாட்டன் பாட்டியரிடம் அவர்தம் கல்லூரிக்கால, தொழிற்களச் சொற்களைக் கேட்டு ஆண்டு, ஊர், பேசிய குழு ஆகிய விவரங்களோடு திரட்டுவது தமிழ்த்துறை மாணவர்க்கேற்ற களப்பணியாகும்.

முடிவுரை

காலங்கடந்த குழு வழக்கு நகைப்பைத் தருவது, அது இழிந்த சொல் என்பதனாலன்று. அது அறிவிக்கும் இளமைக்கும் அதனை வழங்குபவரின் அகவைக்கும் இடையே தோன்றும் முரணாலேயே நகைப்பு பிறக்கின்றது. பாராட்டுச் சொற்களும் சலிப்புச் சொற்களும் ஒவ்வொரு தலைமுறையிலும் புதுப்பிக்கப்படுவது இதனால் விளங்குகின்றது. சென்னைத் தமிழ்ச் சொற்களின்மேல் எழும் நகைப்பில் காலத்தோடு சமூகப் படிநிலையும் திரை உருவாக்கிய வடிவமும் கலந்துள்ளன. அவற்றைப் பிரித்தறிதல் ஆய்வாளர் கடமை. பொருளால் நிற்கும் சொற்கள் பொதுவழக்கில் கலந்து எஞ்சுகின்றன. அடையாளத்தால் மட்டும் நின்றவை மறைகின்றன. பொற்கொல்லரின் ‘பறி’ ஓர் இலக்கண எடுத்துக்காட்டால் பிழைத்தது. ‘அறுவை’யும் ‘கடி’யும் ‘மொக்கை’யும் அவ்வாறு பிழைக்க, அவற்றைக் கேட்டு நகைக்கும் தலைமுறையே அவற்றைப் பதிவு செய்யவும் முன்வருதல் வேண்டும்.